விற்கப்போகும் வீட்டுக்கு வெள்ளை

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார் என்று நம் முன்னோர் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். வீட்டை விற்றுப் பார் என்று மூன்றாவதாக ஒன்றை அவர்கள் சேர்க்காமைக்குக் காரணம், யாழ்ப்பாணத்தில் அந்நாளில் வீடு விலைப்படுவது அரிதாயிருந்தமையே போலும். வீடு சீதனமாகப் போகும், முதுசமாக வரும், கடன் முற்றினால் ஈட்டுக்கோ ஒற்றிக்கோ போகும். விலைக்குப் போயிற்றென்றால் அக்குடும்பத்தில் ஏதோ குறைவு என்றே ஊரார் பேசிக்கொள்வர். இன்றோ எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உரியவர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். திறப்புகள் அயலார் வீட்டு ஆணியில் தொங்குகின்றன.

நான்காவதாகப் பூட்டப்பட்டது எங்கள் வீடு. மருதனார்மடத்துக்கு அண்மையில், செம்மண் வளவொன்றில், 1936ஆம் ஆண்டில் என் பாட்டனார் கட்டிய நாற்சார் வீடு அது. அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. அம்மா காலமாகி இரண்டாண்டுகளின் பின், அக்காவும் நானும் கனடாவிலுள்ள தம்பியும் கூடிப் பேசி, விற்பதென்று முடிவு செய்தோம். வீட்டை வாங்குவோர் கண்ணுக்கு ஏற்றதாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு மாத வேலை என்று எண்ணினேன். மூன்று மாதமாயிற்று.

முதலில் வந்தவர் தரகர். படலையைத் திறந்து உள்ளே வந்தவர் விறாந்தையில் ஏறுமுன்னரே தம் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். வாங்க வருகிறவர் படலைக்கும் விறாந்தைக்கும் இடையிலேயே மனத்தில் விலையைப் போட்டுவிடுவார். உள்ளே நடப்பதெல்லாம் அந்த விலையைக் குறைப்பதற்குக் காரணம் தேடும் வேலைதான் என்றார். ஆதலால் மதிலுக்கு நிறம் பூசு, முற்றத்துக்குக் கல் பதி, சுவர் வெடிப்பை அடை, பழஞ்சாமான்களை அப்புறப்படுத்து. அவர் சொன்னதிற் பாதி உண்மை என்பதை நான் பின்னர் கண்டேன். எந்தப் பாதி என்பதைக் காண்பதற்குத்தான் பணமும் காலமும் செலவாயின.

சாமான்களைப் பற்றி அவர் சொன்னது முழு உண்மை. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் எறியப்படாத பொருள்களின் தொகை வியப்புக்குரியது. அடி கழன்ற கடகங்கள், பாத்தியில் எழுந்து நிற்க முடியாத மண்வெட்டிகள், நாங்கள் மூவரும் படித்த பாடப்புத்தகங்கள், ஆண்டுவாரியாகச் சுருட்டிக் கட்டிய கலண்டர்கள், பிடியற்ற பித்தளைச் செம்புகள். பத்தாயத்தினுள் நெல் இல்லை; சாக்குகள் இருந்தன; சாக்குகளினுள் வேறு சாக்குகள் இருந்தன. இவற்றை அகற்றியதும் அறைகள் ஒன்றரை மடங்கு பெருத்துவிட்டன. அங்கு அவ்வளவு இடம் இருந்ததென்பதை அந்த வீட்டிற் பிறந்த நானே அறிந்திருக்கவில்லை. சுவரிலிருந்த படங்களையும் கழற்றினோம். அந்நியர் ஒருவரின் பாட்டனார் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் சுவரிலே தம் படத்தை மாட்டிப் பார்க்க எவருக்கும் மனம் துணியாது. சுவாமியறை விளக்கை மட்டும் அக்கா எடுக்கவிடவில்லை. உறுதி எழுதும் நாள்வரை அது அங்கே எரியும் என்றாள். எரிந்தது.

படங்களைக் கழற்றிய இடங்களிற் சுவரின் பழைய நிறம் சதுரஞ் சதுரமாகத் தெரிந்தது. ஆகவே வெள்ளையடிப்பு. இங்கேதான் தரகருக்கும் மேசனுக்கும் முதற் பிணக்கு.

தரகர் கடையில் வாங்கும் வர்ணப் பூச்சே வேண்டும் என்றார், பளபளப்பாயிருக்குமாம். அறுபது வயது கடந்த எங்கள் மேசன், இது சுண்ணாம்புச் சாந்துச் சுவர், இதன்மேல் அதைப் பூசினால் இரண்டு மாரியும் தாங்காது என்றார். அவர் கூற்றில் விஞ்ஞானம் இருந்தது. பழைய வீடுகளின் சுவர்கள் சுண்ணாம்புக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. அவை நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வெயில் வந்ததும் மேற்பரப்பினூடாக வெளிவிடும். அதன்மேல் நீர் புகாத தோலொன்றைப் போர்த்தினால் ஈரம் உள்ளே சிறைப்படும், உப்புப் பூக்கும், பூச்சு அப்பளம்போற் கொப்பளித்து உதிரும். சீமெந்துப் பூச்சுக்கும் இதே கதிதான். 1995ஆம் ஆண்டு ஒக்தோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மறு ஆண்டு திரும்பி வந்து பார்க்கையிற் சுவரில் இருந்த காயங்களை அப்பா அவசரத்துக்குச் சீமெந்தால் அடைத்தார். அவ்விடங்கள் மட்டுமே இன்றும் பொருக்குவிட்டு நின்றன. மற்றைய சுவர் சுகமாக இருந்தது.

மேசன் வென்றார். சுட்ட சுண்ணாம்பை வாங்கி, முற்றத்திற் பீப்பாவில் நீரூற்றி நீற்றினோம். அது கொதித்து ஆவிவிட்டு அடங்குவதைக் காண அயற் சிறுவர்கள் எல்லாரும் கூடிவிட்டனர். சில நாள் ஊறவிட்டு, துணியில் வடித்து, உப்பும் சிறிது நீலமும் சேர்த்து, தும்புத் தூரிகையால் மெல்லிய பூச்சாக மூன்று தடவை பூசினார். பூசும்போது ஒன்றும் தெரிவதில்லை. சுவர் நனைந்தாற்போல இருக்கும். உலர உலர, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சுண்ணாம்பு மீண்டும் கல்லாகும்போதுதான் வெண்மை எழுகிறது. மாலையிற் போய்ப் பார்த்தபோது, காலையில் நான் ஏமாற்றத்தோடு விட்டுச்சென்ற சுவரா இது என்று நின்றுவிட்டேன். செலவோ, தரகர் சொன்ன பூச்சின் செலவிற் காற்பங்கும் இல்லை. முற்றத்துக்குக் கல் பதிக்கும் யோசனையையும் அத்தோடு கைவிட்டேன். மழைநீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போகவேண்டிய ஊரில் முற்றத்தை மூடுவது அழகென்று எனக்குத் தோன்றவில்லை.

கூரையில் ஓடாவி ஏறி உடைந்த ஓடுகளை மாற்றினார்; இரண்டு சிலாகைகளைக் கறையான் அரித்திருந்தது. இதற்கிடையில் மேசன் சொன்ன வார்த்தையொன்று என் நினைவில் நிற்கிறது: வீட்டைப் பார்க்க விரும்புகிறவன் கார்த்திகையில் வரவேண்டும், கிணற்றைப் பார்க்க விரும்புகிறவன் ஆவணியில் வரவேண்டும். விற்கிறவர்களோ மாசியில் அழைக்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாத ஒப்பனை ஒன்றுண்டு; அது உறுதிப் பெட்டியில் நடக்கவேண்டியது. சுவரை வெண்மையாக்கிவிட்டு உறுதியைக் கறையோடு விட்டால் வாங்க வந்தவர் நொத்தாரிசின் வாசலிலிருந்தே திரும்பிவிடுவார். அம்மா மரணசாசனம் எழுதாமையால் வீடு எங்கள் மூவருக்கும் பிரிபடாப் பங்காக இருந்தது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமை, காணியை அந்நியருக்கு விற்குமுன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், ஒற்றி பிடித்திருந்த அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டுமென்றது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அந்த முன்னுரிமையைக் கூட்டுடைமையாளருக்கும், விற்பவர் சாசனமின்றி இறப்பின் உரித்தாளராகக் கூடியவர்களுக்கும் என்று ஒடுக்கியது. தம்பியிடமிருந்து அற்றோணித் தத்துவம் வந்து சேரவேண்டியிருந்தது. காணிப் பதிவகத்திற் பதிவேட்டுப் பிரதி எடுக்கவேண்டியிருந்தது. நில அளவையாளர் வந்து அளந்தபோது, உறுதியில் நான்கு பரப்பு என்றிருந்த காணி மூன்றே முக்காற் பரப்பாக முடிந்தது. பத்துப் பேர்ச் ஒரு பரப்பு. ஆக இரண்டரைப் பேர்ச் எங்கே? கிளுவங்கதியால்களோடு வேலியும் அறுபதாண்டுகளில் மெல்ல மெல்ல நடந்து வந்திருந்தது. அயலவரோடு வழக்காடுவதா என்று அக்காவிடம் கேட்டேன். அம்மா கிடந்த ஆறு மாதமும் இராப்பகலாய் வந்து பார்த்தது அந்த வேலிக்கு அப்பாலிருந்தவள்தான் என்றாள். மூன்றே முக்கால் என்றே புதிய படத்தில் எழுதுவித்தோம்.

இனிக் கிணறு. யாழ்ப்பாணத்தில் வீடு வாங்குகிறவன் உண்மையில் வாங்குவது கிணற்றை. வீடு அதனோடு கூட வருவது. எங்கள் கிணறு எக்கோடையிலும் வற்றியதில்லை, உவர்த்ததில்லை. நல்ல தண்ணீர் என்று ஊரிற் பெயர். ஆயினும் இக்காலத்திற் படித்த எவரும் ஆய்வுகூட அறிக்கை கேட்பார்கள் என்று எண்ணி நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 62 மில்லிகிராம் என்று வந்தது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை 50. தோட்டங்களுக்கு இடும் உரமும் மலக்குழிக் கசிவும், வெடிப்புகள் நிறைந்த நமது சுண்ணாம்புக் கற்பாறையினூடாக விரைவில் நிலத்தடி நீரைச் சேர்ந்துவிடுகின்றன. வளர்ந்தவர்களை அவ்வளவாக வருத்தாத இந்த நைத்திரேற்று, புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து, உடலை நீலம் பாரிக்கச் செய்யக்கூடியது. கொதிக்கவைத்தால் நீங்காது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

தரகர் அறிக்கையை வாங்கிப் பார்த்து மடித்து என் கையிலேயே தந்தார். “தண்ணி நல்ல தண்ணி எண்டு சொன்னாப் போதும், தம்பி. கடுதாசியை ஆர் கேக்கப்போகினம்?” என்றார். நான் அதை மேசை இலாச்சியில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்கு அதை எறியவுமில்லை, காட்டுவதென்று துணியவுமில்லை.

கிணற்றடியைத் திருத்தும் வேலை கடைசியில் வந்தது. கட்டுக்கு ஏறும் படி ஒரு முழத்துக்குக் குறையாத உயரம். பாசி பிடித்து வழுக்கும். வீடு பார்க்க வருகிறவர்கள் விழுந்துவைத்தால் என்ன செய்வதென்று, அதை இரண்டு படியாக உடைத்துக் கட்டி, பக்கத்திலே இரும்புக் குழாயாற் கைபிடியொன்றும் வைக்கச் சொன்னேன். மேசன் ஒரு நாளில் முடித்துவிட்டார். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

“ஐயா, இந்தப் படியைப் பற்றி அம்மா என்னட்ட ரண்டு தரம் கேட்டவா. பெடியள் வரட்டும், சொல்லிச் செய்விப்பம் எண்டவா.”

நாங்கள் வந்துதான் இருந்தோம். ஆண்டுதோறும் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தோம். அம்மா வாய் திறக்கவில்லை. நாங்களும் அவர் படி ஏறுவதைப் பார்க்கவில்லை. ஒழுகும் ஓடு, இறுகிய யன்னல், எரியாத பின்விறாந்தை மின்குமிழ் என்று அந்த மூன்று மாதத்தில் நான் சீர்செய்த அத்தனையும் அவர் வாழ்ந்த நாளிற் செய்திருக்கக் கூடியவை. ஒரு கைபிடிக்கு எவ்வளவு செலவு என்பதை நான் அன்று அறிந்தேன். அதை இங்கே எழுத விரும்பவில்லை.

வீடு பார்க்கப் பலர் வந்தனர். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் எல்லாவற்றையும் இடித்து மாடி கட்டுவதாகச் சொல்லிக்கொண்டே வெள்ளைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இளம் தம்பதியர் வந்தார்கள். நான்கு மாதக் குழந்தையும் கணவனின் தாயாரும் கூட. முற்றத்து வெளிச்சத்தில் நின்று சுற்றிப் பார்த்த அந்தப் பெண்ணின் முகத்திலேயே விலை படிந்துவிட்டதைத் தரகர் கண்டு எனக்குக் கண் காட்டினார். அவள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “பிள்ளைக்குப் பால்மா கரைக்க இந்தத் தண்ணி சரியோ, ஐயா?”

தரகர் இருமினார். நான் உள்ளே போய் இலாச்சியைத் திறந்தேன்.

அவர்கள் அறிக்கையைப் படமெடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே போனதுபோற் போய்விட்டார்கள். அன்றிரவு தொலைபேசியில் விபரம் கேட்ட தம்பி, “அண்ணை, நீங்கள் வீட்டை விக்கிறியளோ, ஆக்களை வெருட்டுறியளோ?” என்றான். அக்கா மட்டும் ஒன்றும் சொல்லாமல் விளக்குக்கு எண்ணெய் விட்டாள்.

மூன்று வாரம் கழித்து அந்த இளைஞர் மீண்டும் வந்தார். அயலிலுள்ள மூன்று கிணறுகளின் நீரையும் பரிசோதித்திருந்தார். எல்லாம் ஏறத்தாழ அதே கணக்கு. நைத்திரேற்றை அகற்றும் வடிகருவி பூட்டுவதற்கான செலவை விலையிற் குறைக்கும்படி கேட்டார். குறைத்தோம். அவர் பேசிக்கொண்டிருக்கையில் அவருடைய தாயார் தனியே கிணற்றடிக்குப் போய், கைபிடியைப் பற்றியபடி இரண்டு படியும் ஏறி நின்று, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா விறாந்தையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காணி விற்பனை நொத்தாரிசின் முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்படவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். பங்குனியில் உறுதி முடிந்தது. சாட்சிகளில் ஒருவராக அந்த மேசனைக் கேட்டேன். சலவை வேட்டி உடுத்து வந்து, நகக்கண்ணிற் சுண்ணாம்பு போகாத விரலாற் பேனாவைப் பிடித்து, நிதானமாகக் கையொப்பமிட்டார்.