உங்களுக்குத் தெரியுமா? சுங்கச் சாலையும் போர்க்களச் சாலையும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், செசபீக் நகர் வழியாக வட கரோலினா எல்லைக்குச் செல்லும் 168ஆம் எண் மாநில நெடுஞ்சாலையில், கோடைதோறும் அவுட்டர் பேங்க்ஸ் கடற்கரையை நாடி வரும் வாகனப் பிரவாகத்தால் உள்ளூர் ஜனங்கள் பட்ட சிரமத்தை நிவர்த்திக்கும் பொருட்டு, 2001இல் சுங்கம் வசூலிக்கும் புறவழிச்சாலை திறக்கப்பட்டது. அதை நடத்துவது நகர நிர்வாகமே. கோடையின் சனி, ஞாயிறுகளில் கட்டணம் உயரும். பணம் கொடுக்க விரும்பாதோர் பக்கத்திலேயே ஓடும் பழைய பாதையான பேட்டில்ஃபீல்ட் பூல்வார்டில் போகலாம். அவசரமில்லாத யாத்ரிகருக்கு அதுவே உத்தமமான மார்க்கம் என்பேன். ஏனெனில், சதுப்பு நிலத்தின் ஊடே குறுகிய கரைப்பாதையில் அணிவகுத்து முன்னேறிய பிரிட்டிஷ் துருப்புகளை 1775 டிசம்பர் 9 அன்று வர்ஜீனியாவின் சுதந்திரப் படையினர் முறியடித்த கிரேட் பிரிட்ஜ் போர்க்களம், வடக்கே அச்சாலையின் ஓரத்தில்தான் இருக்கிறது.