மாவு வண்டுகளில் வெப்பத் தாக்கம்

வெப்பத் தாக்கம் என்பது ஓர் உயிரினம் தனக்கு உகந்த அளவைவிட மிகுந்த வெப்பத்தில் இருக்க நேரும்போது அதன் உடற்செயல்களில் ஏற்படும் பாதிப்பு ஆகும். வண்டுகளில் இவ்வெப்பம் உயிரைப் பறிக்காதபோதும் இனப்பெருக்கத் திறனையும், பிறக்கும் தலைமுறையின் ஆயுளையும் குறைக்கக்கூடும். இது விரிவாக ஆராயப்பட்ட இனங்களுள் ஒன்று சிவப்பு மாவு வண்டு (டிரைபோலியம் காஸ்டேனியம்).

ஆய்வு உயிரி

மாவு, ரவை, நொய் ஆகியவற்றில் காணப்படும் இவ்வண்டு 3 முதல் 4 மி.மீ. நீளமுடையது, செம்பழுப்பு நிறமானது. ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பநிலையில் நன்கு பெருகும். முட்டை முதிர்வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் போதும். சிறிதளவு மாவிலேயே வளர்க்கலாம் என்பதால் ஆய்வகங்களில் பெரிதும் பயன்படுகிறது. வண்டினங்களுள் முதன்முதலில் மரபணுத்தொகை வரிசைப்படுத்தப்பட்டதும் (2008) இதற்கே.

ஆண் வண்டுகள்

இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வண்டுகளை 5 நாட்கள் 42 பாகை வெப்பத்தில் வைத்து ஆராய்ந்தனர். முடிவுகள் 2018-இல் 'நேச்சர் கம்யூனிகேசன்ஸ்' இதழில் வெளிவந்தன. வெப்பத்துக்கு உட்பட்ட ஆண்களின் இனப்பெருக்கத் திறன் பாதியாகக் குறைந்தது. இரண்டாம் முறை வெப்பத்துக்கு உட்பட்டவை ஏறத்தாழ மலடாகிவிட்டன. விந்தணுக்களின் எண்ணிக்கை முக்கால் பங்கு குறைந்தது. எஞ்சியவற்றுள் பலவும் கருவுறச் செய்யுமுன்பே இறந்தன.

பெண் வண்டுகள்

வெப்பத்துக்கு உட்பட்ட பெண் வண்டுகள் பாதிக்கப்படாத ஆண்களுடன் இணைந்தபோது வழக்கம்போல் இனம் பெருக்கின. ஆனால், பெண் வண்டு தான் பெற்ற விந்தணுக்களை உடலினுள் ஒரு பையில் சேமித்து வைக்கும். இணைசேர்ந்தபின் வெப்பத்துக்கு உட்பட்டால் அச்சேமிப்பு சிதைந்து, குஞ்சுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

அடுத்த தலைமுறை

வெப்பத்தைத் தாங்கிய தந்தைக்கோ விந்தணுவுக்கோ பிறந்த வண்டுகளின் ஆயுள் குறைவாக இருந்தது. அவற்றுள் ஆண்களின் இனப்பெருக்கத் திறனும் குன்றியிருந்தது. வெப்பத்தை நேரில் உணராத தலைமுறையும் அதன் விளைவைச் சுமந்தது.

முக்கியத்துவம்

அறியப்பட்ட வண்டினங்கள் ஏறத்தாழ 4,00,000. இவை விலங்கினங்களில் கிட்டத்தட்ட கால் பங்கு. எனவே, வெப்ப அலைக்குப்பின் உயிருடன் உள்ள பூச்சிகளை எண்ணுவதால் மட்டும் இழப்பை அளவிட இயலாது. எனினும், இது ஓர் இனத்தில் ஆய்வகத்தில் கண்ட முடிவு. பிற இனங்களின் தாங்குதிறன் வேறுபடலாம்.

கோடை வெப்பத்தால் சேமிப்புப் பூச்சிகள் தாமாகவே ஒழிந்துவிடும் என்றும் கருத முடியாது. பாதிக்கப்படாத ஓர் ஆண் வண்டு கிடைத்தாலே பெண் மீண்டும் இனம் பெருக்கும். மாவு ஆலைகளில் இவற்றை ஒழிக்க 50 முதல் 60 பாகை வரை வெப்பமூட்டி, ஒரு நாள் அளவுக்கு அந்நிலையில் வைத்திருப்பர்.