நார்வே குடியானவர்களின் பண்டசாலையும் அடுப்பும்

ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நார்வே தேசம் பெரும்பாலும் மலையும் பாறையும் காடுமாக அமைந்தது. அதன் மொத்த நிலப்பரப்பில் சாகுபடிக்கு உதவும் நிலம் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பங்கே. வேனிற்காலம் குறுகியது, பனிக்காலமோ நீண்டது, கடுமையானது. தானியம் முற்றுமுன் உறைபனி விழுந்துவிட்டால் அவ்வருஷத்து மகசூல் பாழாகும். இத்தகைய தேசத்தில் முற்காலத்துக் குடியானவர்கள் எங்ஙனம் ஆண்டு முழுவதும் உண்டு ஜீவித்தனர் என்பது, நிலத்தை நம்பி வாழும் யாவரும் அறியத்தக்க விஷயமாகும். கிடைக்குங் காலத்தில் கெடாதபடி பக்குவம் செய்து சேமித்து, கிடைக்காத காலத்தில் அளந்து உண்பதே அவர்களுடைய சமையலின் அடிப்படையாக இருந்தது.

பண்டசாலை

பண்ணைகளில் வீட்டிற்குப் புறம்பாக ‘ஸ்டாபூர்’ எனப்படும் மரப் பண்டசாலை ஒன்று இருக்கும். அது குட்டையான தூண்களின்மேல் நிறுத்தப்பட்டது. அடியில் காற்று உலாவுவதால் ஈரம் ஏறுவதில்லை. வாயிற்படிகளையும் சுவரோடு சேர்த்துக் கட்டாமல், எலி தாவ இயலாதபடி இடைவெளி விட்டு அமைப்பர். மாவு, ரொட்டி, உப்பிட்ட இறைச்சி, வெண்ணெய், பாற்கட்டி முதலிய யாவும் இங்கேயே வைக்கப்பட்டன. இதன் சாவி வீட்டு எஜமானியின் இடுப்பில் தொங்கும். அச்சாவிக்கொத்தே அவளுடைய அதிகாரத்திற்கு அடையாளம். அடுத்த அறுவடை வரையில் குடும்பத்தாருக்கும் வேலையாட்களுக்கும் உணவு போதுமாறு பங்கிடும் பொறுப்பு அவளைச் சார்ந்தது.

தானிய உணவு

வாற்கோதுமையும் ஓட்ஸுமே அத்தேசத்துக் குடியானவர்களின் முக்கிய தானியங்கள். இவற்றின் மாவை நீர் விட்டுப் பிசைந்து, புளிக்கவைக்காமல், மிக மெல்லிய வட்டமாகத் தேய்த்து, அகன்ற இரும்புத் தட்டின்மேல் சுட்டு எடுப்பர். இரும்புத் தட்டு வருமுன் கற்பலகையே உபயோகத்திலிருந்தது. ‘பிளாட்புரோ’ என்னும் இத்தட்டை ரொட்டியில் ஈரமே இராது. ஆகவே அடுக்கி வைத்தால் பல மாதங்கள் கெடாது.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சிற்றோடைகளில் அமைந்த சிறு நீராலைகளிலேயே மாவு அரைக்கப்பட்டது. ஓடைகளில் நீர் பெருகுவது வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலுமே. எனவே மாவரைப்பதும் ரொட்டி சுடுவதும் வருஷத்தில் ஓரிரு முறை நடைபெறும் பெருவேலைகளாயின. இதிற் கைதேர்ந்த ஸ்திரீகள் பண்ணை பண்ணையாகச் சென்று கூலிக்குச் சுட்டுக் கொடுத்தனர்.

அன்றாட உணவு களியே. மாவை நீரிலாவது பாலிலாவது கிண்டி, புளித்த பாலுடன் உண்டனர். புளித்த பாலேட்டில் கிண்டிய களி விசேஷ தினங்களுக்குரியது. கலியாண வீட்டிற்கும், பிள்ளை பெற்றவளுக்கும் அண்டை வீட்டார் அதனைக் கொண்டுசென்று கொடுப்பது வழக்கம்.

பாலும் மீனும்

வேனிற்காலத்தில் பசுக்களையும் வெள்ளாடுகளையும் மலைமேலுள்ள மேய்ச்சல் பண்ணைகளுக்கு ஓட்டிச் செல்வர். கீழுள்ள புல்வெளிகள் பனிக்காலத்து வைக்கோலுக்காகக் காக்கப்பட்டன. மலையில் கறந்த பாலைப் பெண்கள் வெண்ணெயாகவும் பாற்கட்டியாகவும் மாற்றினர். பாற்கட்டி எடுத்தபின் எஞ்சும் தெளிநீரும் வீணாகவில்லை. புளித்த தெளிநீரில் தண்ணீர் கலந்து தாகத்திற்குப் பருகினர். தெளிநீரைச் சுண்டக் காய்ச்சிப் பழுப்புநிறக் கட்டியும் செய்தனர். 1863-ஆம் வருஷ வாக்கில் குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஆன் ஹோவ் என்னும் பெண் இதில் பாலேடு சேர்த்துக் காய்ச்சினாள். அவ்வகைக் கட்டி நல்ல விலைக்குப் போயிற்று. அப்பள்ளத்தாக்கிற்கே அது ஒரு வருமானமாயிற்று.

வடக்கே லோஃபோட்டன் தீவுகளை நாடிப் பனிக்காலத்தில் காட் மீன்கள் முட்டையிட வரும். அவற்றைப் பிடித்து, குடலெடுத்து, உப்பிடாமலே மரப் பரண்களில் தொங்கவிடுவர். குளிர்ந்த காற்றே அவற்றை மரக்கட்டைபோல் உலர்த்திவிடும். இவ்வுலர்மீன் பெர்கன் துறைமுகத்தின் வழியாகப் பிற தேசங்களுக்குச் சென்றது. அதற்கு ஈடாகத் தானியம் வந்தது. வீடுகளில் இதனைப் பல நாள் நீரில் ஊறவைத்துச் சமைத்தனர். மரச்சாம்பலின் காரநீரில் ஊறவைத்து, பின்னர் நல்ல நீரில் காரம் போகக் கழுவிச் சமைப்பதும் உண்டு. ‘லூட்டஃபிஸ்க்’ என்னும் அவ்வுணவு இன்றும் கிறிஸ்துமஸ் காலத்தில் பரிமாறப்படுகிறது.

பஞ்சம்

பண்டசாலை நிறைந்திருந்தும் தானியத்தில் அத்தேசம் தன்னிறைவு பெறவில்லை. டென்மார்க்கிலிருந்து வரும் தானியத்தையும் அது நம்பியிருந்தது. அக்காலத்தில் இரு தேசங்களும் ஒரே அரசின்கீழ் இருந்தன. 1807-ல் அவ்வரசு நெப்போலியனுடைய பக்கம் சேரவே, பிரிட்டிஷ் கடற்படை தானியக் கப்பல்களை வழிமறித்தது. 1812-ல் விளைச்சலும் பொய்த்தது. ஜனங்கள் எல்ம் மரத்தின் உட்பட்டையை உரித்து, உலர்த்தி, இடித்து, மாவுடன் கலந்து ரொட்டி சுட்டு உண்டனர். பாசிபோன்ற மலைப்பூண்டுகளையும் மாவில் சேர்த்தனர். சேமிப்பு எத்துணைச் சிறப்பாயினும், வரும் தானியம் ஒரே வழியை நம்பியிருப்பது ஆபத்தென்பதை அவ்வருஷங்கள் விளக்கின.

இதற்கு மாற்று ஏற்கெனவே அத்தேசத்தில் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிராமத்துப் பாதிரிமார்கள் பலர் உருளைக்கிழங்கைத் தாங்களே பயிரிட்டுக் காட்டி, குடியானவர்களையும் பயிரிடும்படி வற்புறுத்தினர். ஆரம்பத்தில் அது மெள்ளவே பரவிற்று. பஞ்சத்தை அனுபவித்தபின் விரைந்து பரவி, ரொட்டி மாவிலும் கலக்கும் அன்றாட உணவாயிற்று.

களிச் சண்டை

1864-ல் பீட்டர் கிறிஸ்டன் ஆஸ்பியோர்ன்சன், குடும்பச் சமையலைச் சீர்திருத்தும் நோக்கத்துடன் புனைபெயரில் ஒரு நூல் வெளியிட்டார். இவர் காட்டியல் உத்தியோகஸ்தர். நாடோடிக் கதைகளைத் திரட்டியும் புகழ் பெற்றவர். களியை இறக்குந் தறுவாயில் பச்சை மாவைப் பிடிபிடியாகச் சேர்த்துக் கிண்டும் கிராமத்து வழக்கத்தை அவர் கண்டித்தார். அம்மாவு சீரணியாது கழிவதாகவும், அதனால் தேசத்தின் தானியம் வீணாவதாகவும் வாதித்தார். கிராமங்கள்தோறும் சென்று குடியானவர் வாழ்க்கையை ஆராய்ந்த ஐலர்ட் சுண்ட் என்பவர் இதனை மறுத்து, அனுபவத்தால் வந்த வழக்கத்தை அறிவீனமென்று தள்ளலாகாது என்று பெண்களுக்காகப் பரிந்து எழுதினார். ஏறத்தாழ இரண்டு வருஷம் இவ்விவாதம் நடந்தது. தானிய மாவு பச்சையாயினும் மனித உடலில் பெரும்பாலும் சீரணிக்கும் என்பது இன்று அறிந்த விஷயம். கொதிக்கும் களியிற் சேர்ந்த மாவு முற்றும் பச்சையாகவும் இராது. சீரணத்தைப்பற்றிய அந்த வாதத்தில், புத்தகத்தைவிட அடுப்படி அனுபவமே உண்மைக்கு அருகில் நின்றது.

பாதிரிமார்களின் உருளைக்கிழங்கு நிலைத்தது. களியைப்பற்றிய கண்டனம் நிலைக்கவில்லை. முன்னது, தாமே பயிரிட்டுக் காட்டிக் கூறிய புத்திமதி; பின்னது, கிண்டுகிறவளைக் கேளாமல் எழுதிய தீர்ப்பு. கிராமத்தில் புதுமுறையொன்றைப் புகுத்த விரும்பும் மிராசுதார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும், பழைய முறை எக்காரணம்பற்றி ஏற்பட்டதென்று முதலில் விசாரித்தறிவார்களாயின், அவர்களுடைய பிரயாசை வீண்போகாது.