பிடித்த பணம் போட்ட பணமா?

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா தோட்டங்களில் பேர் பதிந்து வேலை செய்யும் ஒவ்வொருவரின் சம்பளச் சீட்டிலும் ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி, என்று ஒரு கழிவு இருக்கும். இவ்வளவு பணம் உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டது என்று மட்டுமே அந்தச் சீட்டு சொல்கிறது. பிடித்த பணம் உங்கள் பெயரிலுள்ள கணக்கில் போய்ச் சேர்ந்ததா என்று அது சொல்வதில்லை. சம்பளத்துக்கும் கணக்குக்கும் நடுவே தோட்டக் கந்தோர், கம்பனி, தொழில் திணைக்களம், வங்கி என்று பல கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளையெல்லாம் கடந்து பணம் சேர்ந்ததா என்று தொழிலாளி தானே பார்க்கக்கூடிய வழி, இலங்கை மத்திய வங்கி ஊழியர் சேமலாப நிதி உறுப்பினர்களுக்குத் தரும் இணையக் கணக்கு. இதை, படித்தவர்களுக்கும் நகரத்து உத்தியோகத்தர்களுக்குமான வசதி என்று ஒதுக்கிவிடக் கூடாது. தோட்டத் தொழிலாளிக்குத்தான் இது எல்லோரையும்விட அதிகம் தேவை. அதையும் ஓய்வு பெறும் வயதில் அல்ல, வேலை செய்யும் காலத்திலேயே திறந்து பார்க்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், தொழில் வழங்குநரின் பங்கு 12 சதவீதம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் மாதம் 20 நாள் பேர் விழுந்தால் 27,000 ரூபாய். அதில் தொழிலாளியிடம் பிடிப்பது 2,160 ரூபாய், கம்பனி தன் கையிலிருந்து போட வேண்டியது 3,240 ரூபாய். இரண்டும் சேர்ந்து அந்த ஒரு மாதத்துக்கு 5,400 ரூபாய் கணக்கில் ஏற வேண்டும். முப்பது வயதுப் பெண்ணொருத்திக்கு இந்த ஒரு மாதத் தொகை போடப்படாமல் விடுபட்டால், ஆண்டுக்கு 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும் அவள் 50 வயதில் இழப்பது சுமார் 30,000 ரூபாய். ஒரு மாதத் தவறே இப்படி வளர்கிறது என்றால், ஆண்டுக்கணக்கில் விடுபட்டவர்களின் நிலையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. சம்பளச் சீட்டில் பிடிக்கப்படுவது 2,160 ரூபாய்தான் என்பதால் இழப்பும் அவ்வளவே என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் கம்பனியின் பங்கும் வட்டியும் அதோடு சேர்ந்தே போகின்றன.

நல்ல கம்பனிகள் ஒழுங்காகப் போடுகின்றனவே, சந்தேகம் எதற்கு என்று கேட்கலாம். ஒழுங்காகப் போடும் நிருவாகங்கள் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் கண்டி, மாத்தளைப் பக்கத்தில் அரசே நடத்தும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்ட யாக்கமும் தொழிலாளர்களின் சேமலாப நிதியை ஆண்டுக்கணக்கில் நிலுவையில் வைத்திருந்தது பாராளுமன்றம் வரை பேசப்பட்ட விஷயம். சட்டத்தைக் காக்க வேண்டிய அரசின் சொந்த நிறுவனங்களிலேயே இது நடந்திருக்கும்போது, நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இருபது, முப்பது வருடம் காத்திருப்பது அறிவான செயல் ஆகாது. கணக்குக் கூற்றும் வழக்கமாகத் தொழில் வழங்குநர் வழியாகவே தொழிலாளியின் கைக்கு வந்திருக்கிறது. பணம் போட வேண்டியவரே, போட்டாரா இல்லையா என்று காட்டும் காகிதத்தையும் கொண்டுவந்து தருகிறார். அந்தக் காகிதம் கந்தோர் மேசையிலேயே கிடந்துவிட்டால் கேட்பதற்கு ஆளில்லை. இணையக் கணக்கு இந்த இடத்தில்தான் மதிப்புப் பெறுகிறது. கிளாக்கரிடமும் துரையிடமும் போய் நிற்காமலே அதைப் பார்க்க முடியும்.

ஆனால் அந்தக் கணக்கின் வாசலில் தேசிய அடையாள அட்டை எண் கேட்கப்படுகிறது. மலையகத்தில் பலருக்குச் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. அது அவர்களுடைய கவனக்குறைவால் வந்ததல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளி மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 1988இன் சட்டம் என்று நீண்ட அந்தக் கதை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது. இன்று 50, 55 வயதைத் தொடுகிறவர்கள் 1980களின் கடைசியிலும் 1990களிலும் தோட்டத்தில் பேர் பதிந்தவர்கள். அன்று அடையாள அட்டை இல்லாமலே செக்ரோல் என்ற தோட்ட வேலைப் பதிவேட்டில் ஏறியவர்கள் ஏராளம். வீட்டில் அழைத்த பெயர், கணக்குப்பிள்ளையின் காதில் விழுந்த பெயர், கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதிய பெயர் என ஒருவருக்கே மூன்று பெயர்கள் உருவாயின. பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் எழுதப்பட்டபோது நான்காவதும் வந்தது. செக்ரோலில் மாரியம்மா, அடையாள அட்டையில் மாரியாயி என்று இருந்தால் கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். ஆகவே கணக்கு திறக்கவில்லை என்றால் பணம் இல்லை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பணம் வேறு பெயரில், வேறு எண்ணில் இருக்கக்கூடும். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் திருத்த விண்ணப்பிக்கலாம். செக்ரோல் பெயரும் அட்டைப் பெயரும் ஒருவருடையதே என்ற சத்தியக்கடதாசியோடும் தோட்டத்தின் உறுதிப்படுத்தலோடும் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கணக்கைத் திருத்தக் கேட்கலாம். இந்த வேலைக்கு மாதங்கள் பிடிக்கும். நாற்பது வயதில் தொடங்கினால் ஓய்வுக்கு முன்னே முடிந்துவிடும். வேலை விட்ட பிறகு தொடங்கினால் வருமானமில்லாத நாட்களில் கொழும்புக்கும் ஹட்டனுக்கும் அலைய வேண்டிவரும்.

எண்ணைப் பற்றியும் தெளிவு வேண்டும். சேமலாப நிதிக் கணக்கு எண்ணில் தொழில் வழங்குநரின் இலக்கமும் அவரிடம் தொழிலாளிக்குரிய உறுப்பினர் இலக்கமும் சேர்ந்திருக்கும். தொழில் வழங்குநர் மாறினால் எண்ணும் மாறும். 1970களில் தேசியமயமான தோட்டங்கள் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போயின. கலியாணமாகி வேறு தோட்டத்துக்குப் போனவர்களும் உண்டு. இப்படி ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று எண்கள் இருக்கலாம். இந்தியாவில் இதே குழப்பத்தைத் தீர்க்க 2014இல் வாழ்நாள் முழுவதற்கும் ஒரே எண் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அங்கும் ஆதார் அடையாள அட்டைப் பெயரும் கணக்குப் பெயரும் ஒத்துவராததால் விண்ணப்பங்கள் திரும்பியதுண்டு. எண்ணை ஒன்றாக்குவதோடு பெயரையும் சரிசெய்யாவிட்டால் பயனில்லை என்பதை அந்த அனுபவம் காட்டுகிறது. இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்டத் துறையில் எல்லோருடைய பணமும் மத்திய வங்கிக்குப் போவதில்லை. சிலருடையது ஈ.எஸ்.பி.எஸ்., சி.பி.பி.எஸ். என்று அறியப்படும் தனிச் சேமலாபச் சங்கங்களுக்குப் போகிறது. அவர்கள் மத்திய வங்கியின் இணையப் பக்கத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, அந்தச் சங்கத்திடமே கணக்கைக் கேட்க வேண்டும். சம்பளச் சீட்டில் எந்தப் பெயரில் பணம் பிடிக்கப்படுகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பனி மட்டுமே 3 சதவீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியமான ஈ.ரி.எஃப்.பும் தனி நிறுவனம், தனிக் கணக்கு. ஒன்றைப் பார்த்து மற்றதையும் பார்த்ததாக எண்ணக் கூடாது.

இணையம் என்றாலே ஆபத்து, தெரியாதவர்கள் அதில் கைவைக்காமல் இருப்பதே நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. டவுனிலுள்ள கொமினிகேஷன் கடையில் ஒருவர் மின்னஞ்சல் முகவரி உண்டாக்கித் தருகிறார், கடவுச்சொல்லையும் அவரே வைத்துக்கொள்கிறார். பதிவில் கொடுக்கும் தொலைபேசி இலக்கமோ பக்கத்து வீட்டுக்காரருடையது. இப்படித் தொடங்கினால் கணக்கு தொழிலாளியின் பெயரிலும் அதன் சாவி வேறொருவரின் கையிலும் இருக்கும். தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை, வங்கியிலிருந்து பேசுகிறோம், திணைக்களத்திலிருந்து பேசுகிறோம் என்று கேட்கும் எவருக்கும் சொல்லக் கூடாது. கடனுக்கு ஈடாக பேங்க் புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டையும் வாங்கி வைத்துக்கொள்ளும் வட்டிக்காரரிடம் ஓய்வுப் பணம் வரும் நாள் பற்றிப் பேச்செடுக்கவே கூடாது. சேமலாப நிதிப் பணம் உறுப்பினரின் சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பணத்தைச் சீக்கிரம் எடுத்துத் தருகிறேன் என்று பங்கு கேட்கும் தரகருக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. தொழில் அலுவலகத்தில் விண்ணப்பிப்பதற்கோ முறையிடுவதற்கோ யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை. இந்த ஆபத்துகள் எல்லாம் உண்மை. ஆயினும் கணக்கைப் பார்க்காமல் இருப்பதால் இவை குறைவதில்லை. பார்க்காதவருக்குத்தான் தரகர் தேவைப்படுகிறார். படித்த பிள்ளைகள் லயத்திலேயே இருக்கிறார்கள். அம்மாவின் கணக்கை அம்மாவின் முன்னாலேயே திறந்து, கடவுச்சொல்லை அம்மாவின் கையிலேயே கொடுப்பது அவர்களால் முடிந்த காரியம்.

தோட்டத் தலைவர் இருக்கிறார், சங்கம் சந்தா வாங்குகிறது, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது இன்னொரு வாதம். சங்கங்கள் சம்பளத்துக்காகப் போராடியதால்தான் இன்றைய நாட்சம்பளமே கிடைத்தது. ஆனால் தனியொருவரின் கணக்கு அவருக்குரிய தனித் தகவல். அதில் விடுபட்ட மாதத்தை அவர் கண்டுபிடித்துச் சொன்னால்தான் சங்கத்துக்கே பிடி கிடைக்கும். சம்பளப் பேச்சுவார்த்தையோடும் இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. 2016 உடன்படிக்கையில் நாளொன்றுக்கு 730 ரூபாய் என்று அறிவித்தார்கள், அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய்தான். மீதி வரவுக்கும் உற்பத்திக்கும் விலைக்கும் கட்டிய கொடுப்பனவுகள். அடிப்படை குறைந்தால் அதன்மீது கணக்கிடும் சேமலாப நிதியும் குறையும். எந்தத் தொகைக்கு நிதி போடப்படுகிறது என்று தன் கணக்கைப் பார்த்து அறிந்த தொழிலாளி, அடுத்த பேச்சுவார்த்தையில் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் அறிவார்.

விடுபட்டிருப்பது தெரிந்தால் என்ன செய்வது? ஒரு மாதத்துக்கான பணத்தை அடுத்த மாதக் கடைசிக்குள் செலுத்த வேண்டும். தாமதத்துக்கு ஏற்ப 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் தொழில் வழங்குநர்மீது விழும். தொழில் ஆணையாளர் நிலுவையைக் கணக்கிட்டுச் சான்றளித்து நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால், அந்தத் தொகையைக் குற்றப்பணம் போல அறவிட முடியும். இதற்குத் தொழிலாளி வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ஹட்டன் அல்லது நுவரெலியா தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான இலக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். விடுபட்ட மாதங்களின் சம்பளச் சீட்டுகளே முதல் சாட்சி. அவற்றை எறிந்துவிடாமல் அடையாள அட்டைப் பிரதியோடு சேர்த்து வையுங்கள். தனியாக முறையிட்டால் துரை பழிவாங்குவார் என்று அஞ்சுபவர்கள் ஒரே மலையில் வேலை செய்யும் பத்துப் பேராகச் சேர்ந்து கையெழுத்திடலாம். ஒருவருக்குப் போடாத மாதம் பெரும்பாலும் எல்லோருக்கும் போடாத மாதமாகவே இருக்கும். முறைப்பாடு நகரவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என் முறைப்பாட்டின்மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று திணைக்களத்திடமே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம். நுவரெலியாவும் அம்பகமுவையும் இருமொழிப் பிரதேச செயலகப் பிரிவுகள், தமிழில் பதில் பெறுவது அங்கே உரிமை. எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 1919 என்ற அரச தகவல் நிலையத்தை அழைக்கலாம்.

பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியைப் பெறலாம். அதோடு சேவைக்காலப் பணத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி தோட்டமே நேரடியாகக் கொடுப்பது, எந்த இணையக் கணக்கிலும் தெரியாது. நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் 14 நாள். 1,350 ரூபாயில் 30 வருடத்துக்கு 5,67,000 ரூபாய், வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளராக யாரைப் பதிந்திருக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கலியாணத்துக்கு முன் தாயின் பெயரைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டவர்கள் பலர். உறுப்பினர் இறந்த பிறகு அதை மாற்ற முடியாது.

கடைசியாக, கணக்கே இல்லாதவர்கள். கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவர்களின் தொகை தோட்டங்களில் பெருகிவருகிறது. தேயிலை மலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, நீங்கள் இனித் தொழிலாளி அல்ல, பங்காளி என்று சொல்லும் முறையையும் கம்பனிகள் முன்வைக்கின்றன. இவர்கள் இணையத்தில் தேடினால் பூச்சியம்தான் தெரியும். தற்காலிக வேலை, கிலோக் கணக்கு வேலை என்பதால் சேமலாப நிதி கிடையாது என்று கந்தோரில் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. சட்டம் தற்காலிகமாக, அன்றாடமாக, துண்டு வேலைக் கூலிக்கு வேலை செய்பவர்களையும் முதல் நாளிலிருந்தே உள்ளடக்குகிறது. பிரித்துக் கொடுத்த மலையில் உரமும் மருந்தும் கம்பனியே கொடுத்து, கொழுந்தைக் கம்பனிக்கே விற்க வேண்டும் என்றால், அது உண்மையில் வேலையா வியாபாரமா என்று தீர்மானிக்கும்படி தொழில் திணைக்களத்திடம் கேட்கலாம். ஒப்பந்தப் பத்திரத்தைத் தமிழில் தந்தால் மட்டுமே கையெழுத்திடுங்கள். கொழுந்து நிறுத்த சீட்டையும் காசு கொடுத்த நாளையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், திணைக்களம் விசாரிக்க வரும் நாளில் செக்ரோலில் பேரில்லாதவருக்கு அதுவே சாட்சி.