பழைய கணிப்பொறியிலிருந்து புதியதற்குக் கோப்புகளை மாற்றுதல்

பிரிட்டனில் 1981ஆம் ஆண்டு ஏக்கார்ன் நிறுவனம் வெளியிட்ட பி.பி.சி. மைக்ரோ என்னும் வீட்டுக் கணிப்பொறி, 1984இல் தொடங்கப்பெற்ற ‘கிளாஸ்’ திட்டத்தின் வாயிலாக இந்தியப் பள்ளிகள் பலவற்றையும் வந்தடைந்தது. அதில் எழுதப்பட்ட பாடங்களும் புரோகிராம்களும் பெரும்பாலும் ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பித் தட்டுகளில் பதிக்கப்பட்டன. தட்டின் காந்தப் பூச்சு, ஈரத்தாலும் பூஞ்சையாலும் கெட்டு உதிரக்கூடியது. உதிர்ந்தபின் அப்பகுதியில் இருந்த எழுத்தை மீட்க வழியில்லை. ஆகவே எஞ்சியுள்ளவற்றைக் காலந்தாழ்த்தாது புதிய கணிப்பொறிக்கு மாற்றுவது அவசியம்.

இக்காலக் கணிப்பொறிகளில் ஃப்ளாப்பி இயக்கி இல்லை. ஒன்றைத் தேடி இணைத்தாலும் வேறொரு தடை எழும். பி.பி.சி. மைக்ரோவின் தொடக்க காலத் தட்டுகள் ஒற்றைச் செறிவு முறையில் பதியப்பட்டவை. பின்னர் வந்த பி.சி. வகைகளோ இரட்டைச் செறிவு முறையைக் கையாண்டன. அவற்றுட் பல பழைய முறையைப் படிக்கமாட்டா.

எனவே, பழைய கணிப்பொறியே தன் தட்டைப் படித்து, கம்பி வழியாக அனுப்புவது எளிய முறையாகும். அதன் பின்புறத்தில் ஆர்.எஸ். 423 என்னும் தொடர் இணைப்பு உண்டு. உரிய கம்பியாலும் யு.எஸ்.பி. மாற்றியாலும் இதனைப் புதிய கணிப்பொறியுடன் பொருத்தலாம். இருபுறமும் வேகம் ஒன்றாக இருத்தல் வேண்டும். விநாடிக்கு 9600 பிட் என வைத்துக்கொண்டால், தொடக்க, முடிவுக் குறிகள் உட்பட ஒரு பைட்டுக்கு 10 பிட் ஆவதால், விநாடிக்கு 960 பைட் செல்லும். 40 தடங்களும், தடத்துக்கு 256 பைட் கொண்ட 10 பகுதிகளும் உள்ள தட்டில் 1,02,400 பைட் அடங்கும். அதனை அனுப்ப, படிக்கும் நேரம் நீங்கலாக, இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். பெறும் கருவி பின்தங்கும்போது அனுப்பும் கருவியை நிறுத்தும் கம்பிகளையும் இணைக்க வேண்டும்; இல்லையெனில் இடையிடையே பைட்டுகள் விடுபடும்.

பைட்டுகள் பிழையின்றி வந்தடைந்தாலும் பொருள் விளங்காதிருக்கலாம். பேசிக் புரோகிராமில் ‘பிரிண்ட்’ என்னும் சொல் ஐந்து எழுத்துகளாக அன்றி, 241 என்னும் ஒரே எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. அக்கோப்பைச் சாதாரண உரையாகத் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதெனக் கருதி அதனை அழித்துவிடலாகாது. பழைய கணிப்பொறியிலேயே ‘ஸ்பூல்’ கட்டளையைக் கொடுத்துப் பின்னர் ‘லிஸ்ட்’ கொடுத்தால், புரோகிராம் முழுவதும் படிக்கத்தக்க உரைக்கோப்பாக அமையும். மூலக்கோப்பு, உரைக்கோப்பு ஆகிய இரண்டையும் காத்தல் நலம். பவுன் குறிக்கு அக்கணிப்பொறி 96 என்னும் எண்ணை வழங்குவதால், புதிய திரையில் அவ்விடத்தில் வேறொரு குறி தோன்றும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

புரோகிராம் நினைவகத்தில் எவ்விடத்தில் ஏறவேண்டும், எவ்விடத்திலிருந்து இயங்கவேண்டும் என்னும் முகவரிகள் கோப்பினுள் இல்லை. தட்டின் பட்டியலில் உள்ளன. அவற்றையும் குறித்து வைத்தாலன்றி, இயந்திர மொழிப் புரோகிராம்களை மீண்டும் இயக்குவது கடினம்.

வேலையைத் தொடங்குமுன் தட்டின் ஓரத்திலுள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடிவிட வேண்டும். அப்போது தவறுதலாக எதுவும் எழுதப்படாது. கோப்பை இருமுறை அனுப்பி, இரு பிரதிகளும் முற்றிலும் ஒத்திருப்பதை உறுதிசெய்தபின்னரே பழைய தட்டை எடுத்து வைக்கலாம்.