உப்புப் பூத்த ஜெர்சி

கபடி ஆடிக் காய்ந்த ஜெர்சியைக் கவனித்திருக்கிறீர்களா? முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிந்திருக்கும். தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். வியர்வையில் இருந்த தண்ணீர் ஆவியாகிப் போக, துணியில் தங்கிவிட்ட உப்பு அது. ஆடியவர் உடம்பு எதை இழந்தது என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். தண்ணீர், கூடவே உப்பு. சர்க்கரையை யாரும் வியர்வையாகச் சிந்துவதில்லை.

ஆனால், நம் ஊர் டோர்னமென்ட்களில் தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே நிற்பவை கோலாவும் எனர்ஜி டிரிங்கும்தான். 250 மி.லி. கோலாவில் ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு டீஸ்பூனுக்கு மேல். சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமைத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. நாள் முழுவதற்குமான அந்த அளவு, ஓர் இடைவேளையிலேயே தீர்ந்துவிடுகிறது.

‘கோலா வேண்டாம், ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடிக்கலாமே’ என்பவர்கள் உண்டு. அதன் பிறப்பு 1965-ல், ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில். அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் வியர்வை இழப்பை ஈடுகட்ட ராபர்ட் கேட் என்ற மருத்துவர் குழுவினரோடு உருவாக்கிய பானம் அது. அடிப்படை அறிவியல் அழகானது. சிறுகுடல் சுவரில் உள்ள ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாகத்தான் உள்ளே இழுக்கும். பின்னாலேயே தண்ணீரும் வந்துவிடும். 1971-ல் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்து எத்தனையோ உயிர்களை மீட்டதும் இதே வழியில்தான்.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. அந்தக் கரைசலின் இன்றைய வடிவமான ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். ஸ்போர்ட்ஸ் டிரிங்க் ஒரு லிட்டரில் சர்க்கரை சுமார் 60 கிராம், உப்போ ஒரு கிராம் சொச்சம். ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓடுபவருக்கு அது உதவும். கபடியோ, 20 நிமிடமாக இரண்டு பாதி. அதற்குத் தண்ணீர் போதும். ஒரே நாளில் மூன்று ஆட்டம் என்றால் நடுவில் ஒரு வாழைப்பழமோ கடலைமிட்டாயோ சாப்பிட்டு, உப்புப் போட்ட நீர்மோர் குடிக்கலாம். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. அதில் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் நல்லது.

எனர்ஜி டிரிங்க் விஷயத்தில் எனக்குச் சமாதானமே கிடையாது. அதில் இருப்பது சர்க்கரையும் காஃபினும். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அது கூடவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-லேயே சொல்லிவிட்டது. குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று டின்னிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பரிசோடு சேர்த்து அதை நீட்டுகிறோமே, அதுதான் வருத்தம்.

அறிவுரை சொல்வதைவிடப் பெட்டியை நகர்த்துவது பலன் தரும். பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை கேன்டீனில் தண்ணீர் பாட்டில்களைக் கண்ணுக்கு நேராகவும், சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் கூடைகளிலும் வைத்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் தண்ணீர் விற்பனை 25.8 சதவீதம் ஏறியது, சோடா போன்ற பானங்களின் விற்பனை 11.4 சதவீதம் இறங்கியது. 2012-ல் வெளியான ஆய்வு இது.

பாட்டில் விற்றால்தான் கிளப்புக்கு நாலு காசு வரும் என்பார்கள். நியாயம்தான். மோரும் எலுமிச்சை உப்பு ஜூஸும் காசுக்கே விற்கட்டும். விசில் ஊதியதும் பிள்ளைகள் கைக்கு எட்டுவதைத்தான் எடுப்பார்கள். மோர்ப் பானை ஆடுகளக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஐஸ் பெட்டி பந்தலுக்குப் பின்னால் போகட்டும். டம்ளர் மட்டும் இருபதாவது வேண்டும். இரண்டே டம்ளர் என்றால் வரிசை நீண்டு, பிள்ளைகள் மறுபடி பாட்டிலைத் தேடிப் போய்விடுவார்கள்.