ஆசிரியர் வந்த வழியும் பள்ளியின் உருவாக்கமும்

நல்லாசிரியர் இலக்கணங் கூறவந்த பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே கலைபயில் தெளிவையும் சொல்வன்மையையும் கூறிய அளவில் அமைந்தாரல்லர். உலகியலறிவையும் உயர்ந்த குணத்தையும் அவற்றோடு ஒருங்கு வைத்தே எண்ணினார். கலைபயில் தெளிவு நூல்களாற் பெறப்படுவது, பரீட்சையால் அளக்கப்படுவது. உலகியலறிவோ வாழ்ந்து பெறப்படுவது. அதனை அளக்கும் பரீட்சை எதுவுமில்லை. இக்காலத்தில் ஆசிரியரைத் தெரிவு செய்வோர் முன்னையதற்குச் சான்றிதழ் கேட்கின்றனர். பின்னையதைப்பற்றி வினவுவது அரிது. வகுப்பறை வாயிலை அடையுமுன் ஓர் ஆசிரியர் எவ்வழியே நடந்து வந்தார் என்பது அவருடைய கற்பித்தலுக்கு எவ்வளவு துணையாகும், எவ்விடத்தில் அத்துணை போதாதாகும் என்பன ஆராயத்தக்க வினாக்களாம். வன்னிப் பெருநிலத்துச் சிறு பள்ளிகளுக்கு இவை ஏட்டளவில் நிற்கும் வினாக்களுமல்ல. இவற்றை ஆராய்வதற்கு ஜேர்மனியிலே 1919ஆம் ஆண்டு தோன்றிய ஒரு பள்ளியின் வரலாறு பெரிதும் பயன்படும்.

முதலாம் உலகப் போரிலே தோல்வியுற்ற ஜேர்மனி அக்காலத்திற் பெருங் குழப்பத்துக்குட்பட்டிருந்தது. முடியாட்சி வீழ்ந்தது, வறுமை பெருகிற்று. ஸ்ருட்காட் நகரிலே வால்டோர்வ் அஸ்ரோறியா என்னும் சிகரற் தொழிற்சாலையை நடத்திவந்த எமில் மோல்ற் என்பார் இளமையிலே பெற்றோரை இழந்து தம் முயற்சியால் உயர்ந்தவர். தம்மிடம் வேலை செய்தோரின் கல்வியிற் கருத்துடையவராய், தொழிற்சாலைக்குள்ளேயே அவர்களுக்கு வகுப்புக்களை ஏற்படுத்தினார். 1919 ஏப்பிரில் 23ஆந் திகதி ருடோல்ப் ஸ்ரைனர் என்னும் அறிஞர் அத்தொழிலாளர் முன்னிலையிற் சொற்பொழிவாற்றினார். அதனையடுத்துத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியை நிறுவும் பொறுப்பை மோல்ற் அவரிடம் ஒப்படைத்தார். குன்றொன்றின்மேல் உணவுச்சாலையாக இருந்த கட்டடம் மோல்ற்றின் பொருளால் வாங்கப்பெற்றது. அவ்வாண்டு செப்ரெம்பர் 7ஆந் திகதி பள்ளி தொடங்கியபோது 256 பிள்ளைகள் சேர்ந்தனர். அவர்களுள் 191 பேர் அத்தொழிற்சாலையோடு தொடர்புடைய குடும்பங்களைச் சேர்ந்தோராவர். ஆணும் பெண்ணும், செல்வர் வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்து கற்றமை அந்நாட்டில் அக்காலத்திற் புதுமையாகக் கருதப்பட்டது. தொழிற்சாலையின் பெயரால் அது வால்டோர்வ் பள்ளி எனப்பட்டது. இன்று அப்பெயரைக் கொண்ட பள்ளிகள் இந்தியா உட்படப் பல நாடுகளிற் பரவியுள்ளன.

இப்பள்ளியின் வழிகாட்டியான ஸ்ரைனர் வந்த வழியே நேரிய வழியன்று. 1861இற் பிறந்த அவர் புகையிரத சேவையிற் பணியாற்றிய ஒருவரின் மகன். வியன்னாவின் தொழினுட்ப உயர்கல்லூரியிலே விஞ்ஞானம் பயின்றார். வாழ்க்கைச் செலவுக்காக 1884 முதல் ஒரு வணிகர் வீட்டிலே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அவர்களுள் ஒரு சிறுவன் தலையில் நீர்கோத்த நோயினால், கல்வி ஏறாதவன் எனக் கைவிடப்பட்டிருந்தான். குறுகிய நேரம் கற்பித்து, இடையிடையே ஓய்வளித்து, ஒவ்வொரு பாடத்தையும் அவனுடைய உடல்நிலைக்கேற்ப அளந்து கொடுத்தமையால் அவன் பொதுப் பள்ளியிற் சேருந் தகுதி பெற்றான். பின்னாளில் மருத்துவனாகவும் ஆனான். பிற்காலத்தில் ஸ்ரைனர் வைமார் நகரிலே கெதேயின் விஞ்ஞான நூல்களைப் பதிப்பித்தார்; 1891இற் கலாநிதிப் பட்டம் பெற்றார்; 1899 முதல் சில ஆண்டுகள் பேர்ளினிலே தொழிலாளர் கல்விக்கூடத்திற் கற்பித்தார். ஒல்கொற்று என்பாரின் வாயிலாக இலங்கையரும் நன்கறிந்த பிரமஞான சங்கத்தின் ஜேர்மன் கிளையை 1902 முதல் நடத்தி, பின்னர் கருத்து வேற்றுமையாற் பிரிந்தார். பிள்ளையின் வளர்ச்சிப் பருவத்துக்கேற்பப் பாடத்தை அமைக்கவேண்டும் என்னும் அவருடைய கொள்கையின் வேரை, நோயுற்ற அச்சிறுவனோடு கழித்த ஆண்டுகளிலே காணலாம்.

அவர் திரட்டிய ஆசிரியர்களும் பல துறையினராவர். ஆசிரியரைத் தேடிக் கண்டடையும் பணியில் முன்னின்ற கார்ல் ஸ்ரொக்மையர் அரசாங்கப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். பயிற்சியும் அனுபவமும் நிரம்பியவர். ஆனால் அவரைப் போன்றோர் சிலரே. கரோலின் வொன் ஹைடபிராண்ட் அம்மையார் இலக்கியத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஹேபேட் ஹான் எஸ்தோனியாவிற் பிறந்த பன்மொழிப் புலவர். தொழிற்சாலையில் வளர்ந்தோருக்குப் பாடஞ் சொல்லி, அங்கிருந்து அவர்களின் பிள்ளைகளிடம் வந்தவர். யொகனஸ் கையர் கிறித்தவ போதகராக இருந்தவர். பவுல் பௌமன் இசைவாணர். தொடக்கத்திற் பன்னிருவர் அளவில் இருந்த அக்குழுவில் அடுத்த ஆண்டுகளில் மேலும் பலர் சேர்ந்தனர். மருத்துவரான இயூஜின் கொலிஸ்கோ பள்ளி மருத்துவராகவும் ஆசிரியராகவும் ஒருங்கே பணியாற்றினார். அலெக்சாண்டர் ஸ்ரறக்கொஷ் புகையிரதப் பாதை அமைத்த பொறியியலாளர்.

இவர்களுட் சிலர் தாம் கற்ற துறையைவிட்டு வேறு துறையிற் கற்பிக்க நேர்ந்தமை நோக்கற்பாலது. வியன்னாவிலே கணிதமும் பௌதிகமும் மெய்யியலும் பயின்ற வால்ரர் யொகனஸ் ஸ்ரைன் என்பாரை ஸ்ரைனர் வரலாறும் இலக்கியமுங் கற்பிக்குமாறு பணித்தார். தாம் நன்கறிந்த துறையைக் கற்பிப்பவர் முடிந்த முடிபுகளையே எடுத்துச் சொல்ல முற்படுவர்; புதிதாகக் கற்றுக்கொண்டு கற்பிப்பவரோ பிள்ளையின் ஐயம் எங்கே எழும் என்பதைத் தம் அனுபவத்தால் அறிவர். இதனை எல்லாப் பாடங்களுக்கும் எல்லா ஆசிரியருக்கும் உரிய விதியாகக் கொள்ளுதல் கூடாது. எனினும் சிறு பள்ளிகளிலே தமக்குரியதல்லாத பாடத்தை ஏற்க நேரும் ஆசிரியருக்கு இவ்வுதாரணம் ஊக்கமளிப்பதாகும். மொழியியல் பயின்ற கார்ல் ஷூபேட் என்பாரோ கற்றலிற் பின்தங்கிய பிள்ளைகளுக்கென அமைந்த தனி வகுப்பை ஏற்றார். நாசி அரசாங்கம் 1938இற் பள்ளியை மூடிய பின்னரும், தம்மையே நம்பியிருந்த அப்பிள்ளைகளை அவர் கைவிடவில்லை. பள்ளி மீண்டும் திறக்கப்பட்டது 1945இலாகும்.

இங்ஙனம் பல வழிகளால் வந்தோரை ஒரு பள்ளியின் ஆசிரியராக்கியவை மூன்று ஏற்பாடுகள் எனலாம். முதலாவது பயிற்சி. 1919 ஓகஸ்ட் 21 முதல் இரு வாரங்களுக்கு மேலாக நாடோறும் மூன்று அமர்வுகள் நிகழ்ந்தன. மனித இயல்பு பற்றிய விரிவுரை முதலாவது. கற்பிக்கும் முறை பற்றியது இரண்டாவது. பாடங்களை ஆசிரியரே நடத்திக்காட்டி ஆராயும் கலந்துரையாடல் மூன்றாவது. இக்காலம் மிகக் குறுகியதே. ஆதலின் இரண்டாவது ஏற்பாடு இன்றியமையாததாயிற்று. அது வாரந்தோறும் கூடிய ஆசிரியர் அவை. அப்பள்ளிக்குத் தலைமையாசிரியர் என ஒருவர் இல்லை. ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும், ஒவ்வொரு வகுப்பின் இடர்ப்பாட்டைப் பற்றியும் அவ்வவையிற் பேசப்பட்டது. மருத்துவரின் அறிவும் இசைவாணரின் அறிவும் பொறியியலாளரின் அறிவும் ஒன்றையொன்று நிரப்பியது அங்கேதான். மூன்றாவது, வகுப்பாசிரியர் ஒருவர் முதலாம் வகுப்பிற் பொறுப்பேற்ற பிள்ளைகளை எட்டாம் வகுப்புவரை தாமே கொண்டு செல்லும் வழக்கமாகும்.

இப்பள்ளியிற் குறையே இல்லையென்று கொள்ளற்க. கல்லூரிகளிற் பழகிய சிலர் சிறுவர்முன் விரிவுரையாற்றினர். வகுப்பிலே ஒழுங்கு குலைந்தது. ஆசிரியர் அவையிலே ஸ்ரைனரே இதனைக் கண்டித்துப் பேசியுள்ளார். புலமை மிக்கோர் அனைவரும் பிள்ளைகளைக் கவர வல்லவராக இருந்திலர். ஸ்ரைனருடைய ஆன்மிகக் கோட்பாடுகளும் இனங்களைப் பற்றிய கூற்றுக்கள் சிலவும் பிற்கால அறிஞரின் கடுங் கண்டனத்துக்கு உள்ளாகியுள்ளன. அவருடைய வளர்ச்சிப் பருவக் கொள்கை முழுவதையும் இன்றைய உளவியல் ஏற்பதில்லை. ஆயினும் பலவகை வாழ்வனுபவமும், கூடிக் கற்றலும், ஒரே வகுப்போடு நீடித்து நிற்றலும் ஒன்று சேர்ந்தால் ஒரு பள்ளி எழும் என்பதை அவ்வரலாறு காட்டுகின்றது. இவற்றுள் எதுவும் ஒரு கோட்பாட்டுக்கு மட்டும் உரியதன்று.

ஈழநாட்டுக் கல்வி வரலாறும் இதற்குச் சான்று பகரும். ஆறுமுக நாவலர் வெசுலியன் மிசன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடம் கற்று, அங்கேயே கற்பித்து, விவிலிய மொழிபெயர்ப்புப் பணியிலும் துணைநின்றவர். வகுப்புப் பிரிவும் கால அட்டவணையும் படிமுறைப் பாடநூலும் கொண்ட அப்பாடசாலையின் ஒழுங்கை உள்ளிருந்து கண்டமையாலேயே, 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது சைவக் கல்வியைப் புதுமுறையில் அமைக்க அவரால் இயன்றது. பாலபாடங்கள் அவ்வனுபவத்தின் பயனாம். அங்கு அவருக்குத் துணையாசிரியராக நின்றோர் அவர்தம் மாணாக்கரே.

சுவாமி விபுலானந்தர் வந்த வழி இன்னும் விரிந்தது. 1892இற் காரைதீவிலே மயில்வாகனம் என்னும் பெயருடன் பிறந்த அவர் ஆசிரிய பயிற்சி பெற்றுக் கற்பித்தார். 1916இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானங் கற்பித்தார். கற்பித்துக்கொண்டே கற்று, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கி, அதன்பின் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, கிழக்கிலங்கைப் பள்ளிகளை வளர்த்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் வெளிவந்த யாழ்நூலிலே பழந்தமிழிசையை அவர் கணிதத்தாலும் பௌதிகத்தாலும் ஆராய்ந்துள்ளார். விஞ்ஞான ஆசிரியராக அவர் நடந்த வழி தமிழ்ப் பேராசிரியராக அவரை வளம்படுத்தியதேயன்றித் தடுத்ததில்லை.

இனி, செட்டிகுளத்தின் நிலைமையை நோக்கலாம். வவுனியாவுக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட இப்பிரதேசம் குளங்களையும் வயல்களையும் நம்பி வாழ்வது. 1990இற் போரினாற் குடிகள் சிதறின. தலைமன்னார்ப் புகையிரதமும் நின்றது. 2013இலேதான் அது செட்டிகுளத்தைக் கடந்து மடுவரை மீண்டும் ஓடத் தொடங்கியது. 2009இல் இறுதிப் போரினால் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இப்பிரதேசத்து மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அம்முகாம் 2012 செப்ரெம்பரிலே மூடப்பட்டது. அங்கே தகரக் கொட்டில்களிலும் கூடாரங்களிலும் பள்ளிகள் தொடங்கின. கற்பித்தோருட் பெரும்பாலார் அம்மக்களோடு இடம்பெயர்ந்து வந்த ஆசிரியர்களே. தம் வீட்டையும் உறவையும் இழந்தவர், அவற்றை இழந்த பிள்ளைகள்முன் வெண்கட்டியுடன் நின்றனர். 2009 ஓகஸ்ட் மாதத்திலே புலமைப்பரிசிற் பரீட்சைக்கும் உயர்தரப் பரீட்சைக்கும் அப்பிள்ளைகள் தோற்றினர். அவ்வாசிரியர்கள் பிள்ளைகளின் துன்பத்தை எந்நூலிலும் தேடி அறியவேண்டியதாய் இருந்ததில்லை. உலகியலறிவு என்று நன்னூலார் கூறியது இத்தகைய நிலையில் எத்துணைப் பொருளுடையதாகின்றது என்பது சிந்திக்கத்தக்கது.

வன்னியின் சிற்றூர்ப் பள்ளிகளை அந்நெருக்கடி ஆண்டுகளிற் காத்தோருள் தொண்டர் ஆசிரியர் எனப்படுவோர் முதன்மையானவர். உயர்தரம் படித்த ஊர் இளைஞரும் யுவதியரும் சிறுதொகைக்கும், சில வேளைகளில் ஊதியமின்றியும் கற்பித்தனர். அவர்களிடத்துப் பயிற்சி குறைந்திருக்கலாம். ஆயினும் பிள்ளையின் வீட்டையும் வயலையும் அறிந்தவர்கள். மறுபுறத்தே, கல்வியியற் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் முறையாகக் கற்று, வெளியூரிலிருந்து நியமனம் பெற்று வருவோரிடத்துப் பயிற்சி உண்டு, அவர்கள் ஊரை அறிந்துகொள்ளத் தொடங்கும் வேளையிலே கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்துவிடுகின்றது, இடமாற்றம் வருகின்றது.

தகுதியற்ற ஆசிரியருக்கு உவமை கூறுமிடத்து நன்னூலார் முடத்தெங்கு ஒன்றைக் காட்டுவர். ஒரு வளவில் நீர் பெற்று வளர்ந்த தென்னை, வளைந்து சென்று அயல் வளவிலே காயை உதிர்ப்பது அது. அவர் அதனைத் தனியொருவரின் குணக்குறையாகக் கூறினார். வன்னியிலோ இக்குறை ஏற்பாட்டின் குறையாகவே பெரிதும் உள்ளது. பின்தங்கிய பள்ளியிலே பெற்ற அனுபவம் நகரப் பள்ளியிலே பயன் தருகின்றது. மாறிச் செல்லும் ஆசிரியரைப் பழித்துப் பயனில்லை. தங்குவதற்கு விடுதியும், பிள்ளைகளின் கல்விக்கு வசதியும், போக்குவரத்தும் அற்ற இடத்திலே குடும்பத்தோடு நீடித்திருப்பது எளிதன்று.

மேற்கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். வாழ்வனுபவம் பயிற்சிக்கு மாற்றீடாகாது. பயிற்சி வாழ்வனுபவத்துக்கு மாற்றீடாகாது. ஸ்ருட்காட்டிலே இரண்டையும் இணைத்தது வாரந்தோறும் கூடிய அவை. அவ்விணைப்பைப் பயன்படச் செய்தது எட்டாண்டுகள் ஒரே வகுப்போடு நின்ற பொறுமை. ஊரறிந்த தொண்டர் ஆசிரியர் தொழில் செய்துகொண்டே முறையான பயிற்சியையும் வெளிவாரிப் பட்டத்தையும் பெறுவதற்கு வழி திறந்திருத்தல் வேண்டும். பயிற்சி பெற்று வந்தோர் அவ்வூரிலே தங்குவதற்கு வசதி அமைதல் வேண்டும். இருசாராரும் வாரத்தில் ஒரு மாலையாவது கூடியிருந்து, வகுப்பிலே பின்தங்கிய ஒரு பிள்ளையைப் பற்றியேனும் பேசுதல் வேண்டும். முன்னிரண்டும் அரசாங்கத்தின் கடன். மூன்றாவதற்குச் சுற்றுநிருபம் எதுவும் தேவையில்லை; ஐந்து ஆசிரியரே உள்ள பள்ளியிலும் அதனை நாளையே தொடங்கலாம்.